பின்சுவரைத் திறந்துவிட்ட புண்ணியவான்களுக்கு

உ

ஆலங்கரைக்குடி,
சீர்காழி வழி.
மாசி மாதம் 14ந் தேதி

தஞ்சாவூர் சபையின் மதிப்புக்குரிய போதகர் வேதமாணிக்கம் ஐயா அவர்களுக்கு ஆலங்கரைக்குடி தர்மாம்பாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் பசுவும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் சபையார் எல்லோரும் சுகமாயிருக்க உங்கள் ஆண்டவரையும் எங்கள் வைத்தியநாதனையும் வேண்டுகிறேன். பழக்க தோஷத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். வேதக்காரருக்குப் போடலாமா என்று பிறகுதான் யோசனை வந்தது. போட்டதை அழிக்கக் கூடாது, அதனால் தாங்கள் அதற்குக் கீழே இருந்து படித்துக்கொள்ளவும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பதினெட்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்து அழுகி, இருந்த ஐம்பது வீட்டுல முப்பது வீட்டுக்காரங்க பூட்டிகிட்டுத் திருப்பூருக்கும் மெட்ராசுக்கும் போய், மத்தியானத்துல தெருவுல நின்னா நம்ம மூச்சு நமக்கே கேக்குற ஊரு இது. ஓட்டு கேக்க வந்தவங்ககூட எட்டிப் பார்க்கலை. நீங்கதான் பதினாறு பேரை வேன்ல ஏத்திகிட்டு வந்து, பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சுப் படுத்து, பத்து நாள் ஓடு மாத்தி, சுவர் பூசி, கக்கூஸ் கட்டிக் கொடுத்தீங்க. எஸ்தர் டீச்சர் என் முட்டியைப் புடிச்சுகிட்டு ஜெபம் பண்ணுச்சு. அன்னையிலேருந்து வலி பாதி குறைஞ்சுபோச்சு, இதைச் சொல்லாம விட்டா என் நாக்கு அழுகிடும். முதல் நாள் நான் கொடுத்த மோரை நீங்க ஒரு வாய் குடிச்சுட்டு மீதியைச் செம்பருத்திச் செடியில ஊத்துனதும் எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அதை இந்தக் கடுதாசியில எழுதப்போறதில்லை.

விஷயம் என் வீட்டுப் பின்சுவர். தை மாசம் பத்தாம் தேதி திருக்கடையூர்ல என் அண்ணன் மகன் பஞ்சநதத்துக்கு அறுபதாம் கல்யாணம்னு, சாவியை டீச்சர் கையில கொடுத்துட்டுப் போனேன். மறுநாள் பொழுது சாய வந்து எறங்குறேன், உங்க ஆளுங்க அத்தனை பேரும் வரிசையா நின்னு கை தட்டுறாங்க. டீச்சர் என் கண்ணைப் பொத்தி அடுப்பங்கரைக்குக் கூட்டிகிட்டுப் போய்க் கையை எடுத்துச்சு. பின்சுவர் நடுவுல நீலப் பெயிண்ட் அடிச்ச கதவு. திறந்து கிடக்கு. "இனிமே புகை அடிக்காது பாட்டிம்மா, காத்து நல்லா வரும்"னு டீச்சர் சொல்லுது. ரிட்டயர்டு ஓவர்சியர் அருளப்பன் தம்பி இடுப்புல கையை வெச்சுகிட்டு, "பழைய வாசலை அடைச்சு வெச்சிருந்தாங்கம்மா. தட்டிப் பார்த்தேன், சத்தமே வேற. அதுவும் ரெட்டைக் கல்லு வரிசை. எவனோ விவரம் கெட்ட கொத்தன்"னு சிரிக்குது. ஐயா, ரெட்டைக் கல்லா வைக்கச் சொன்னவ நான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை, அதனால சொல்றேன். எங்கள்ல சில நட்சத்திரத்துல செத்தா அடைப்புன்னு சொல்லுவோம். பொணத்தை வாசல் வழியா எடுக்க மாட்டோம். பின்சுவரை இடிச்சு, அந்த வழியா எடுத்துட்டு, எடுத்த கையோட சுவரை வெச்சு அடைச்சுடணும். போனவங்க போன வழியைத் தேடிகிட்டுத்தான் வருவாங்க, வந்தா அங்க சுவர்தான் இருக்கணும். என் மாமியார் தையல்நாயகி எம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி சதயத்துல செத்துப்போனா. தஞ்சாவூர்ல ராசராசனுக்கு மாலை போட்ட அதே நாள், அடைப்பும் அதே நாள். ஊர்ல எல்லாரும் ஒத்தைக் கல்லுதான் வைப்பாங்க. கல்யாணமாகி மூணாம் நாள் பந்தியில உக்காந்துகிட்டு, "பொண்ணும் கருப்பு, ரசமும் புளிப்பு"ன்னு எழுபது பேருக்கு முன்னாடி சொன்னவளுக்கு ஒத்தைக் கல்லு போதாதுன்னு எனக்குத் தோணுச்சு.

உங்க பிள்ளைங்க கையெல்லாம் கொப்புளம். அந்த மூஞ்சிகளைப் பார்த்து நான் என்னன்னு சொல்றது. "ரொம்ப அழகா இருக்குய்யா"ன்னு சொல்லி வெச்சேன். அப்புறம் மெதுவா, "இங்க வழி இருந்ததை யாரு தம்பி சொன்னா"ன்னு கேட்டேன். "பின்னாடி குடியிருக்கிற பெரியம்மாதான், வாய்க்காலைத் தாண்டி வந்தாங்க. இந்த இடத்துல ஒரு வழி இருந்துச்சு, அடைச்சுட்டாங்க, சுத்திகிட்டு வர முடியலைன்னு கையை வெச்சுக் காட்டுனாங்க"ன்னுச்சு ஓவர்சியர் தம்பி. என் வீட்டுக்குப் பின்னாடி யாரும் குடியில்லை ஐயா. வாய்க்கால், அதுக்கு அந்தப் பக்கம் களர், அதுக்கும் அந்தப் பக்கம் சுடுகாடு.

இது பக்கத்து வீட்டு ஈஸ்வரி பண்ணின வேலைன்னு நினைச்சேன். அவ என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, மாமியாருக்குச் செல்ல மருமக. வாசல்ல நின்னே ஆரம்பிச்சேன். "ஏண்டி, வந்த சனங்ககிட்ட என் சுவரைக் காட்டி இடிக்கச் சொன்னியா?" அவ வாயைத் திறந்து காட்டுறா, உள்ள ஒரு கைப் பஞ்சு. "நேத்து பூரா நான் சீர்காழியில பல்லு புடுங்கிகிட்டுக் கிடந்தேன் அக்கா. உன் சுவருக்கு நான் என்னத்துக்கு வரேன்." "அப்ப தவிட்டுக் கலர் சேலையில வந்தவ யாரு? டீச்சர் பார்த்திருக்கு. செருப்புகூட இல்லை, வலது காலுல பெருவிரல் இல்லை, பாவமா இருந்துச்சுன்னு சொல்லுது." இதைச் சொல்லிட்டுத்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே விளங்குச்சு. அறுப்பு அறுக்கையில அருவா பட்டுப் பெருவிரல் போனது இந்த ஊர்ல ஒருத்திக்குத்தான். ஈஸ்வரி அப்படியே தரையில உக்காந்துட்டா. அப்புறம் பஞ்சை எடுத்துப் போட்டுட்டு, "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வந்தவ உன் வீட்டுக்கா வந்தா. என் வீட்டுக் கதவு திறந்துதானே கிடக்கு"ன்னு மூக்கைச் சிந்துறா. இவளை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது.

நீங்க எல்லாரும் பாட்டுப் பாடி வேன்ல ஏறிப் போன மறுநாளே ஆரம்பிச்சுது. அடுப்புக்கு வலப்பக்கம் இருந்த உப்பு ஜாடி இடப்பக்கம் போயிடுது, அவ காலத்துல அது அங்கதான் இருக்கும். நான் திருப்பி வைப்பேன், மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வந்து பார்த்தா மறுபடியும் இடப்பக்கம். தாழ்ப்பாளைப் போட்டா, திரும்புறதுக்குள்ள கழண்டு கிடக்கு. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்லை, ஆனா கதவுலேருந்து அடுப்பு வரைக்கும் ஈரக் காலடி, வலது காலுல நாலே விரல். வர்ற காலடிதான் இருக்கு, போற காலடி இல்லை. பசு கொல்லைப் பக்கம் பார்த்து யாரையோ தெரிஞ்சமாதிரி தலையை ஆட்டுது. எல்லாத்தையும் பொறுத்துக்கலாம் ஐயா. ரசத்துக்குப் புளி கரைச்சு வெச்சுட்டுக் கருவேப்பிலை பறிக்கப் போனா, வர்றதுக்குள்ள பாதிப் புளித்தண்ணி முற்றத்துல கொட்டிக் கிடக்கு. அதைவிடக் கொடுமை, அந்த ரசம் நல்லா இருக்கு.

கொத்தனார் கோவிந்தராசைக் கூப்பிட்டேன். கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கரண்டியைப் பையில போட்டுகிட்டான். "திறந்த கைதான் அடைக்கணும் ஆத்தா. நான் புள்ளைகுட்டிக்காரன்"னான். "ஏண்டா, வேதக்காரங்க மட்டும் புள்ளைகுட்டி இல்லாதவங்களா"ன்னேன். "அவங்களுக்குத் தெரியாதுல்ல, தெரியாதவங்களை அது ஒண்ணும் பண்ணாது"ன்னு சைக்கிளை எடுத்துகிட்டுப் போயிட்டான்.

எனக்காக இருந்தா உங்களைக் கூப்பிடவே மாட்டேன். என் செத்துப்போன மகளோட பொண்ணு வானதி மன்னார்குடியில மாசமா இருக்கா. பங்குனி பிறந்ததும் பிரசவத்துக்கு இங்க வரணும், அவளுக்கு என்னை விட்டாப் பொறந்த வீடு கிடையாது. போன வருஷம் ஒண்ணு தங்காம போச்சு. ஈஸ்வரி பல்லு புடுங்கின வாயை வெச்சுகிட்டுச் சும்மா இல்லாம ஊரெல்லாம் சொல்லி, அது மன்னார்குடி வரைக்கும் போய், சம்பந்தியம்மா போன் பண்ணிட்டாங்க. "அடைப்பு வழி திறந்து கிடக்குற வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை எப்படிங்க அனுப்புறது. அடைச்சுட்டுச் சொல்லுங்க, நாங்களே கொண்டாந்து விடுறோம்"னு சொல்றாங்க. தப்புன்னு சொல்ல முடியலை, நானா இருந்தாலும் அனுப்ப மாட்டேன். வானதி போனை வாங்கி, "ஆயா, எனக்கு அங்க வரணும் ஆயா"ன்னு மட்டும் சொன்னா.

ஆகையால் ஐயா, தாங்கள் ஓவர்சியர் தம்பியையும் எஸ்தர் டீச்சரையும் மாசி முடிவதற்குள் ஒரு நாள் பகல் வேளையில் அனுப்பி, திறந்த கையாலேயே அந்த வழியை அடைத்துத் தர வேண்டும். ரெட்டைக் கல் வேண்டும். கதவைக் கழற்றி ஈஸ்வரி வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அவளுக்குத்தான் ஆசை. வருகிறவர்கள் பின்பக்கம் யார் நின்று என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கவும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கள் சபையும் தங்கள் குடும்பமும் பதினாறு பேர் கைகளும் நோய் நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். தாங்கள் வந்தால் இந்த முறை மோரில் உப்புக் குறைத்தே போடுகிறேன்.

இப்படிக்கு,
தர்மாம்பாள்

பின்குறிப்பு: தர்மாம்பாள் குளிக்கப் போயிருக்கிறாள். அம்மிக்கு அடியில் மடித்து வைத்திருந்த இக்கடிதத்தை எடுத்துப் படித்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பதினோரு இடங்களில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தியிருக்கிறேன். சுவரை அடைக்க யாரையும் அனுப்ப வேண்டாம். முப்பத்தெட்டு வருஷமாக வாய்க்கால் கரையில் மழையிலும் வெயிலிலும் நின்று இவ்வூராரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்து, என்ன வேண்டும் என்று கேட்டவள் தங்கள் டீச்சர் ஒருத்திதான். அந்தப் பெண் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வானதியைப் பற்றிய கவலை யாருக்கும் வேண்டாம். நேற்று மன்னார்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளிடமும் பேசிவிட்டேன், நாளைக் காலையிலேயே காரில் கொண்டுவந்து விடுவதாக நடுங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். குழந்தை பெண்தான், தலை சரியாகத் திரும்பியிருக்கிறது. அதற்கு என் பெயரை வைக்கும்படி தாங்கள் தர்மாம்பாளிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை.

தையல்நாயகி