பள்ளிக்கூடம் பார்க்கும் அப்பா

வேலை மாறி ஊர் மாறும் அப்பாக்களில் ஒரு ரகத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். வீட்டை இவர் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுவார். தண்ணீர் வருகிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, சரி, சாவியைக் கொடுங்கள். லாரியிலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்கும்போது எது எந்த அறைக்கு என்று நின்ற இடத்திலிருந்தே கைகாட்டி, மாலைக்குள் காபி போடும் அளவுக்குக் குடித்தனத்தை நிறுத்திவிடுவார். ஆனால் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யாராவது பேச்செடுத்தால், அதே மனிதர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்களை மூடித் திறந்து, "அவசரப்படக் கூடாது" என்பார். போச்சு. அந்த நிமிடம் முதல் அவர் பள்ளி ஆராய்ச்சியாளர்.

இந்த ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் சிரமப்பட வேண்டாம், அவரே உங்களைக் கண்டுபிடிப்பார். லிஃப்டில் பள்ளிப் பையோடு ஒரு குழந்தை ஏறினால் போதும். "பாப்பா, எந்த ஸ்கூல்? மிஸ் திட்டுவாங்களா? பாத்ரூம்ல தண்ணி வருமா?" என்று ஆரம்பிப்பார், குழந்தையின் அம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார். பல் டாக்டரிடம் போனால், வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போதே "உங்க பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்கப் பார்ப்பார். அது வேறு மாதிரி ஒலித்து, டாக்டர் "வலிக்குதா?" என்று மரத்துப்போகும் ஊசியை எடுத்துவிட்டார்.

டாக்டர் ஊசி எடுத்தது என் அத்தானுக்கு. அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். இந்த ரகத்தில் அவர் முதல் தரம்.

அத்தான் குளிர்பதனக் கிடங்குகளைப் பராமரிக்கும் என்ஜினியர். மீனும் இறைச்சியும் பழமும் கெட்டுப்போகாமல் இருக்கும் பெரிய பெரிய அறைகளில் கதவு சரியாக மூடுகிறதா, காற்று சரியாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். கம்பெனி அவரை நான் இருக்கும் ஊருக்கு மாற்றியது. எனக்கு இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கூடவே ஒரு கார். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. ஆகவே என் வார விடுமுறைகள் எல்லாம் அவருக்குச் சொந்தம் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு. சின்னவள் வாஷிங் மெஷினோடுகூட உட்கார்ந்து பேசுவாள். மூத்தவளுக்குப் பழைய ஊரில் ஒரே ஒரு தோழி. ஈருடல் ஓருயிர் என்பார்களே, அப்படி. அந்தத் தோழியை விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் பெயர் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"ஸ்கூல் எல்லாம் திறந்தாச்சு" என்றாள் அக்கா.

"திறந்த உடனே போறவங்க எல்லாம் யோசிக்காம போறவங்க" என்றார் அத்தான்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். முடிவு என்றால் காலையில் ஊசி குத்தி மாலையில் கையில் கொடுப்பது என்று பழகியவள். அவள் குக்கரை அடுப்பில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாக.

முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். வரவேற்பறையில் மீன் தொட்டி. மீன்கள்கூட வரிசையில் நீந்துவது போல் எனக்குத் தோன்றியது. மாணவர் சேர்க்கைக்கென்றே இருந்த ஒரு அம்மாள் எங்களை அழைத்துப்போய், இங்கே வீட்டுப்பாடம் கிடையாது, தேடல்தான்; பரீட்சை கிடையாது, கொண்டாட்டம்தான் என்று ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "எங்க பிள்ளைங்க உலகத்தையே சந்திக்கத் தயாரா வெளிய போவாங்க சார்" என்றார்.

"ரெயின்கோட்டோட போகச் சொல்லுங்க. வாசல் கூரையில ரெண்டு இடத்துல ஒழுகின கறை இருக்கு" என்றார் அத்தான்.

பிறகு கழிப்பறைக்குள் போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார். குடிநீர் இயந்திரத்தின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜன்னல் இடுக்கில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மீன் தொட்டி இருந்த திசையைப் பார்த்தேன்.

காரில் ஏறியதும் தீர்ப்பு வந்தது. "ரொம்ப சுத்தமா இருக்கு மாப்ளே. பிள்ளைங்க இருக்கிற இடம் இவ்வளவு சுத்தமா இருந்தா, பிள்ளைங்க பயந்துபோய் இருக்காங்கன்னு அர்த்தம்."

அடுத்த தனியார் பள்ளியில் சுவரெல்லாம் கிறுக்கல். "ஒரு கண்டிப்பு வேண்டாமா?" என்றார். பிள்ளைகள் சத்தம் போட்டால் ஒழுங்கு இல்லை. போடாவிட்டால் உயிர் இல்லை. ஆசிரியருக்கு வயது குறைவென்றால் அனுபவம் போதாது; கூடுதலென்றால் எப்போது ஓய்வு பெற்றுவிடுவாரோ. அவருக்குப் பிடித்த பள்ளி ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது பழைய ஊரில் இருந்தது. அங்கே சேர்த்தபோதும் ஒரு வருஷம் குறை சொன்னார் என்பது அக்கா எனக்குத் தனியாகச் சொன்ன தகவல்.

மூன்றாவதாக ஒன்று மிச்சம் இருந்தது. செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். பள்ளியை நடத்துவது ஒரு தனிக் குழு. என்ன பாடம், எப்படி நடத்துவது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். கட்டணம் கிடையாது. இடம் கிடைப்பது குலுக்கலில்தான். அந்த வருஷம் ஒரு குடும்பம் வெளியூர் போய்விட்டதால் அதிர்ஷ்டவசமாக ஐந்திலும் ஒன்றிலும் இடம் காலியாகியிருந்தது. வேண்டுமா, வேண்டாமா என்று இந்த வாரத்துக்குள் சொல்லச் சொன்னார்கள்.

"ஃபீஸே வாங்கலைன்னா நாம எப்படிக் கேள்வி கேக்கிறது?" என்றார் அத்தான்.

"போன வாரம், ஃபீஸ் வாங்கறவங்க நம்மள எதுக்கு மதிப்பாங்கன்னு கேட்டீங்களே அத்தான்."

"ரெண்டும் கேக்க வேண்டிய கேள்விதான்."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னாள். "பெரியவ தனியா சீட்டாடறா. கவனிச்சீங்களா? ரெண்டு பேருக்குப் போடறா. ஒரு கை இவளுக்கு, ஒரு கை அந்தத் தோழிக்கு. எப்பவும் தோழியைத்தான் ஜெயிக்க வைக்கிறா."

அத்தான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்து என்னை வழியனுப்பக் கீழே வந்தவர், கார் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வீடு சரியில்லைன்னா வேற வீடு பாத்துக்கலாம் மாப்ளே. ஸ்கூலைத் தப்பாப் பிடிச்சுட்டேன்னா, அவ மறுபடியும் யாரையாவது விட்டுட்டு வரணும். ஒரு தடவை பாத்தாச்சு. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

அதுவரை அவரைக் கேலி செய்ய நான் சேர்த்து வைத்திருந்த நாலைந்து வாக்கியங்கள் எனக்கே உதவாமல் போயின. அதனால்தான், அவர் அடுத்துக் கேட்ட உதவியை யோசிக்காமல் செய்துவிட்டேன். என் கடையிலிருந்து ஒரு பைனாகுலர் கேட்டார். கொடுத்தேன்.

அந்த மூன்றாவது பள்ளிக்கு அவர் போட்ட திட்டம் இதுதான்: பள்ளிக்குள் காட்டுவதெல்லாம் நமக்காகக் காட்டுவது. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சரியான யோசனை போலத்தான் இருந்தது. ஒரு நடுத்தர வயது ஆண் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே மரத்தடியில் நின்று, குழந்தைகளை பைனாகுலரில் ஒவ்வொருவராகப் பார்த்தால் அது எப்படி இருக்கும் என்பது, பள்ளியின் காவல் சீருடையில் இருந்த அம்மாள் சாலையைக் கடந்து அவரை நோக்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண்கள் இருவரையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு நான் காரில் இருந்தேன். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"யாரைப் பாக்கறீங்க சார்?"

"எல்லாரையும்."

"இதுல உங்க பிள்ளை யாரு?"

"இன்னும் யாரும் இல்ல."

உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை மனிதர். காவல் அம்மாள் பைனாகுலரை வாங்கிக்கொண்டு, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கையை வைத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் பெண்களை இறக்கி வாசலுக்கு ஓடி, நான் அந்த ஆளின் மைத்துனன், அவர் நல்லவர், கொஞ்சம் ஆராய்ச்சி அதிகம், அவ்வளவுதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவரை உள்ளே விட்டுத் திரும்பியிருந்த காவல் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைங்க இங்கயே என் கண் முன்னால இருக்கட்டும். நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க" என்றார்.

தலைமை ஆசிரியை அறையில் அத்தான் பள்ளிப் பிள்ளை போலவே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மையாருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பாத்தீங்களே. என்ன தெரிஞ்சுது?" என்றார்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பொண்ணு அழுதுட்டே வந்தா. ஏன்?"

"ஒரு ஷூவைத் தொலைச்சுட்டா."

"கிடைக்குமா?"

"தெரியலை. தேடிட்டு இருக்காங்க."

அத்தான் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரலில், "என் பெரிய பொண்ணு யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா மேடம். இங்க சேர்த்தா அவளுக்கு ஒரு சிநேகிதம் கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது சார். அது எங்க டைம்டேபிள்ல இல்ல."

தொலைந்தது, இந்தப் பள்ளியும் போச்சு, இனி எந்த விடுமுறையும் எனக்கில்லை என்று நினைத்தேன். அத்தானோ தலையாட்டிக்கொண்டே எழுந்தார். வராந்தாவில் நடக்கும்போது, "இத்தனை ஸ்கூல் பாத்தோம். ஒரு இடத்துலயாவது முடியாதுன்னு சொன்னாங்களா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு சண்டைச் சத்தம் வந்தது.

"இப்ப என் முறை. நீ ரொம்ப நேரமா வச்சிருக்க."

"நான் இப்பதான் வாங்கினேன்."

"பொய். அந்த வண்டி வந்து திரும்பிப் போற வரைக்கும் நீதான் வச்சிருந்த. குடு."

காவல் அறைப் படிக்கட்டில் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில், காவல் அம்மாள் விளையாடக் கொடுத்த பைனாகுலரின் ஒரு பாதி. மறு பாதியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சு விடாமல் வழக்காடிக்கொண்டிருந்தவள் எங்கள் மூத்தவள். சின்னவள் பக்கத்தில் நின்று, "எங்க அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் நகரவில்லை. நான் ஒரு அடி முன்னே வைத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நாலு வார்த்தை திட்டி, பத்து எண்ணி மாற்றிக்கொள்வது என்று சமாதானமாகி, அதற்கும் பொறுக்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் என்று கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்க்கும் வரை என்னை அசையவிடவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குள் போனார். இரண்டு இடத்தையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். குழாய், ஜன்னல், கூரை எதையும் பார்க்கவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். பள்ளி சேர்ந்த முதல் நாள், மூத்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வாஷிங் மெஷினோடு பேசுகிற சின்னவள் வாசல் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் காவல் அம்மாளுக்கே கண் கலங்கிவிட்டது. அவளைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்திருக்கவில்லை. சில நாள் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதுவும் சரியாயிற்று.

அத்தான் இப்போது நிபுணர். புதிதாகக் குடிவருகிறவர்களை லிஃப்டில் மடக்கி, "கட்டடத்தைப் பாக்காதீங்க, ஃபீஸைப் பாக்காதீங்க, முகத்தைப் பாருங்க. நான் அப்படித்தான் முடிவு பண்ணேன்" என்கிறார். கேட்கிறவர்கள் பயபக்தியோடு தலையாட்டுகிறார்கள். மூத்தவள் அப்பாவைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. சாயங்காலம் யாராவது இரண்டு பேர் வந்து கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லோரும் என் அத்தானைப் பற்றி வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்கிறார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அது எந்த ஸ்கூல்? அட்மிஷன் இன்னும் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவருக்கு நிச்சயதார்த்தம்தான் ஆகியிருந்தது.

நீங்கள் அப்படியெல்லாம் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளியின் பெயரை நான் எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா என்று முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தீர்களே, அது சும்மாதானே?