ஓடுவதைச் சும்மா விடாத ஞானதுரை

பழுதானதைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. பழுதானதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால்தான் இவர்களுக்குக் கை அரிக்கும். "ஓடுது, இல்லைங்கல. இன்னும் நல்லா ஓட வைக்கலாம்ல?" என்பார்கள். தீர்ந்தது!

ஆண்டிபட்டியில் இந்த இனத்துக்குத் தலைவர் ஞானதுரை. நூல் கடையில் கணக்கர். கம்ப்யூட்டரைப் புத்தகம் வாங்கிப் படித்தவர். படித்ததை அன்றைக்கே அடுத்தவர் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறவர். 2002இல் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மாரீஸ்வரி பிரவுசிங் சென்டர் திறந்தபோது, முதல் வாடிக்கையாளருக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவளிடம் நாலு கம்ப்யூட்டர். போன் லைனும் மோடமும் ஒன்றுக்குத்தான். மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. ஞானதுரை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நாலையும் ஒயரால் கோத்து, மூன்றும் முதல் கம்ப்யூட்டர் வழியாகவே வெளியே போகும்படி ரூட்டிங் போட்டார். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. நாலு திரையிலும் நெட்! மாரீஸ்வரி பூரித்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, அந்த மனிதருக்கு வேலை தெரியும். நிறுத்தத்தான் தெரியாது.

அடுத்த வாரம், வருசநாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள் கயல். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வருகிறேன் என்று அன்று சாயங்காலத்துக்குள் மெயில் போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிடுவார்களாம். முதல் கம்ப்யூட்டரில் ஞானதுரை.

"ஒரு நிமிசம்மா. வேகத்தக் கூட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்த ஒரு நிமிசத்தின் நீளம் உங்களுக்குத் தெரியாதா என்ன? வெயில் தாழ்ந்தது. நாலு திரையும் வெறிச்சென்று கிடந்தன. அவர் போன் லைனைத் திட்டினார், மழையைத் திட்டினார் (மழை பெய்யவில்லை), மோடம் செய்தவனைத் திட்டினார். தன் கையை மட்டும் திட்டவில்லை. கயல் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தாள்.

"அண்ணே, என்னதான் ஆச்சு?" என்றாள் மாரீஸ்வரி.

"மோடம் நல்லாத்தான் சேருது தங்கச்சி. வழிதான் மாறிப்போச்சு. மதுரைக்குப் போற பஸ்ஸு வருசநாட்டுக்குப் போயி நிக்கிது. அங்கிட்டு மலைதான்."

"எங்க ஊருக்கு நெசமாவே பஸ்ஸு கம்மி. இதுல மெயில வேற அங்கனயே அனுப்புறீகளா?" என்றாள் கயல்.

மாரீஸ்வரி மேசைக்குப் பின்னால் குனிந்தாள். "இந்த ஒயரு எங்கிட்டுப் போகுது?"

"மத்த மூணுக்கும்."

"போன் லைனு?"

"அது தனி."

"அப்ப பஸ்ஸு இதுலதான வழி மாறுது?"

"தியரிப்படி பாத்தா…"

தியரி முடிவதற்குள் ஒயர் அவள் கையில் இருந்தது. மறுபடி டயல் செய்தாள். மோடம் கீச்சிட்டது. கம்பெனியின் கடிதம் திரையில் சாவகாசமாக இறங்க, கயல் நின்றபடியே பதில் அடித்து அனுப்பினாள்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் ஞானதுரை.

"போன வாரம் எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிட்டு எந்திரிங்கண்ணே," என்றாள் மாரீஸ்வரி. எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கயலுக்கு வேலை கிடைத்தது. "நம்ம ரூட்டிங்ல போன மெயிலு!" என்று ஞானதுரை இன்றும் டீக்கடையில் சொல்கிறார். மறுக்க மாரீஸ்வரிக்கு மனசு வரவில்லை. நாலு கம்ப்யூட்டரும் ஓடியது அவரால்தானே.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'நல்லாத்தான் இருக்கு, முடிவை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றியதா? தயவுசெய்து எதையும் தொடாமல் எழுந்து வாருங்கள்.