அத்தானின் வலப்பக்க மீசை

அன்புக்கும் அதைவிட அதிகமாக அச்சத்துக்கும் உரிய பெரியக்காவுக்கு, உன் தம்பி கைகட்டி நின்று சொல்லச் சொல்ல, உன் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் மருந்துக்காரர் எழுதுவது. இங்கே நான் சுகமில்லை. அங்கே நீ சுகமாக இருப்பாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

எனக்கு வருடத்தை எண்ணில் சொல்லத் தெரியாது. உன் கூடத்துச் சுவரில் தொங்கும் அந்தப் படத்தை அத்தான் எடுத்துக்கொண்டது, பால் லாரி பாலத்திலிருந்து கவிழ்ந்து ஆறு ஒரு பகல் முழுக்க வெள்ளையாக ஓடிய வருடம். நம் சித்தப்பா சைக்கிளை விற்று ரேடியோ வாங்கி, அது வாயே திறக்காததால் ரேடியோவை விற்று, விற்ற சைக்கிளையே திரும்ப வாங்கியதும் அப்போதுதான். அடுத்த மழையில் ஸ்டூடியோவே வெள்ளத்தோடு போனதால், அத்தானுக்கு மிஞ்சியது இந்த ஒரு படம்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "கூடத்துக்கு வெள்ளையடி, கேட்டுக்குக் கறுப்படி. அத்தான் படத்துல மட்டும் கை வெச்சே, அப்புறம் கை இருக்காது" என்றாய். நான் கை வைக்கவில்லை அக்கா, கழற்றினேன். சுவருக்கு உப்புத்தாள் போடும்போது தூசி படியுமே என்று கழற்றினேன். கழற்றியதும் கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை தெரிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்கிற கதையாக, கண்ணாடியையும் கழற்றிக் கழுவிக் காய வைத்தேன். அந்த நேரம் பார்த்து, நான் ஏணியில் நின்று மேலே ரோலர் ஓட்டும்போது, ஒரே ஒரு சொட்டு வெள்ளை, கூடம் முழுக்க இடம் இருக்க, அத்தானின் மூக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. நான் இறங்கி வருவதற்குள் காய்ந்தும் விட்டது. ஆயுள் முழுக்கப் பெயிண்ட் அடித்தவன் கை சொட்டைக் கண்டால் சும்மா இருக்குமா? துணியைத் தின்னரில் நனைத்து ஒரு இழு இழுத்தேன். சொட்டு போயிற்று. கூடவே வலப்பக்க மீசையும் போயிற்று. மீசை இருந்த இடத்தில் தோல் வெந்து சுருங்கியதுபோல் ஒரு தழும்பு. தின்னர் அத்தானைச் சுட்டுவிட்டது என்று எனக்குத் தரையில் நிற்கும்போதே தலை சுற்றியது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாதிச் சுவரோடு இறங்கிப் போகிறவன் பெயிண்டரா? மறுபாதியையும் எடுத்துவிட்டால் மீசை இல்லாத அத்தானாக, ஒழுங்காகவாவது இருப்பாரே என்று இடப்பக்கம் தேய்த்தேன். அது அசையவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாரே. சரி, போனதை வரைந்துவிடுவோம் என்று, கேட்டுக்கு வாங்கிய கறுப்பு எனாமலைத் தொட்டு வலப்பக்கம் வைத்தேன். அது கொஞ்சம் தடித்துவிட்டது. இடப்பக்கத்தைச் சமன் செய்தேன், அது நீண்டுவிட்டது. வலப்பக்கத்தை நீட்டினேன். இப்படியே மாறி மாறிப் போய், அதற்கு மேல் முகம் இல்லாததால், இரண்டும் காதோரம் நின்றன.

உன் தம்பி பெண்டாட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க அத்தான் மூக்குல வௌவால் தொங்குதே?"

"ரெண்டாவது கோட் அடிச்சா சரியாயிடும்டி."

"அடிங்க. மூணாவது கோட்ட உங்க அக்கா வந்து உங்க முதுகுல அடிப்பாங்க."

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழுந்ததும் நீ முதலில் பேசுவது அவரிடம்தான். பால்காரன் ஏமாற்றியதைக்கூட அவரிடம்தான் புகார் செய்வாய். வெள்ளிக்கிழமை நீ வந்து கதவைத் திறந்தால், யாரோ ஒரு கொள்ளைக்காரன் சுவரிலிருந்து உன்னைப் பார்ப்பான். நீ அடித்தால் வாங்கிக்கொள்வேன். திட்டினால் பழகியதுதான். ஒன்றுமே சொல்லாமல் படத்தை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் நான் என்ன செய்வேன்? "இதையெல்லாம் எழுதணுமா பெரியவரே?" என்கிறார் மருந்துக்காரர். எழுதய்யா என்றேன். இருமலுக்கு மருந்து வாங்க வந்த இரண்டு பேர், இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் என் ஆசி. மருமகனுக்கு என் மரியாதை. உன் காலில் விழ முட்டி மடங்காது, விழுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த ஒரே காரணத்துக்காகவாவது மன்னிக்கப்பட வேண்டிய தம்பி
(பெருவிரல் ரேகை. கறுப்பாக இருப்பது மை அல்ல, எனாமல்.)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், இருமலுக்கு வந்தவர்களில் ஒருவரான எதிர்ச் சலூன்காரர், படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாடிக்கு வந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"வலப்பக்கம்."

"அது மீசையே இல்ல பெரியவரே. சின்ன வயசுல அடுப்புல விழுந்ததுல அவருக்கு அந்தப் பக்கம் முடி முளைக்காதாம். எங்கப்பாதான் மை தொட்டு வரைஞ்சு விடுவாரு. கல்யாணம் ஆனதும், 'உன்னவிட என் சம்சாரம் நல்லா வரையறா'ன்னுட்டு கடைப்பக்கமே வரலியாம். சாகுற வரைக்கும் எங்கப்பாவுக்கு அந்த ரோஷம் போகல. படம் எடுக்கப் போன அன்னிக்கு மழையில மை கரைஞ்சு போச்சுன்னு, படத்துலயும் உங்க அக்காவே வரைஞ்சுட்டாங்களாம்."

எனாமல் இன்னும் காயவில்லை. துடைத்துவிட்டேன். இடப்பக்கத்து அசல் மீசை அப்படியே இருக்கிறது. தழும்பும் தின்னர் சுட்டதல்ல. ஆகவே மேலே எழுதியதில் மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடு. ஆனால் பயம் மட்டும் போகவில்லை அக்கா. முதலில் கெடுத்ததற்குப் பயந்தேன். இப்போது, நீ இத்தனை காலம் கட்டிக் காத்த ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டதற்குப் பயப்படுகிறேன். வலப்பக்கத்தை இனி நான் தொடமாட்டேன். கண்ணாடி மாட்டாமல் படத்தை உன் மேசைமேல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் கொஞ்சம் மையும் மெல்லிய பிரஷ் ஒன்றும். சலூன்காரரின் அப்பா போய்விட்டார். அத்தானும் போய்விட்டார். அந்த மீசையை வரையத் தெரிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.