காரணம்: கீழ்த்தாடை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மகள், மாப்பிள்ளை, பேத்தி நால்வரும் நலம். நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருப்பதைத் தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் உங்கள் போனிலிருந்து தெரிந்துகொள்கிறேன். 'விசா வந்துச்சா' என்று நீங்கள் கேட்பதும், 'வந்துடும்பா' என்று மாப்பிள்ளை சொல்வதும், அதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் அப்பாவும் பிள்ளையும் மழையைப் பற்றி விசாரித்துக்கொள்வதும் எட்டு மாதமாக நடக்கிறது. நேற்று மட்டும் நீங்கள் குரலை உயர்த்தி, 'மாமனார் வீட்டுல சொகுசா உக்காந்துட்டியா' என்று கேட்டுவிட்டீர்கள். மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. உங்கள் குரல் போனைத் தாண்டிக் கூடம்வரை வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். தாமதத்துக்கு யார் காரணம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாமதம் எனக்குப் புதிதல்ல. முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவன். வரவேண்டிய நேரம், வந்த நேரம், காரணம் என்று மூன்று பத்தி போட்ட நோட்டில், டயர் வெடித்ததிலிருந்து டிரைவருக்கு விக்கல் எடுத்ததுவரை எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையின் விசாவுக்கும் முதல் நாளே அப்படி ஒரு நோட்டுப் போட்டேன். இப்போது அதில் பதினேழு பக்கம் நிறைந்துவிட்டது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர் என்றதும், 'ஊரான் பல்லைத் தேய்க்கிற வேலையா' என்று நான் கேட்டது உங்கள் காதில் விழுந்திருக்கும். நீங்கள் பெரிய மனது, காட்டிக்கொள்ளவில்லை. அந்த வாயால்தான் இப்போது சொல்கிறேன், அவர் வேலையை நான் தெரிந்துகொள்ளாமலே பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இந்த வெளிநாட்டு வேலை எப்படி வந்தது தெரியுமா? அந்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். நம் மாப்பிள்ளை ஒரு பல் செய்து கொடுத்தார். மனிதர் ஊர் திரும்பி ஒரு வருஷம் கழித்து வேறு எதற்கோ பல் டாக்டரிடம் போக, எது கட்டிய பல் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, பல்லுக்குச் சொந்தக்காரரே இடதா வலதா என்று குழம்பிப் போனாராம். கடைசியில் படம் எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே பல் லேப் வைத்திருக்கும் ஓர் அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இதைச் செய்த கை எனக்கு வேண்டும் என்று ஆள் விட்டுத் தேடி, விசாவுக்கும் தன் லேப் பெயரில் விண்ணப்பம் போட்டார். இதையெல்லாம் மாப்பிள்ளை எங்களிடம் சொன்னது ஒரே வரியில்தான். 'ஒரு வேலை வந்திருக்கு மாமா, கொஞ்சம் தூரம்' என்றார்.

முதல் தாமதம் மீனால் வந்தது. மாப்பிள்ளை பதினாறு வருஷம் வேலை பார்த்த பழைய லேப் மூடிவிட்டதல்லவா, அதன் முதலாளி இப்போது வண்ண மீனும் கண்ணாடித் தொட்டியும் விற்கிறார். அனுபவச் சான்றிதழ் கேட்டதும் மனிதர் ஆசையாக எழுதிக் கொடுத்தார், மீன் கடைத் தாளில். மேலே இரண்டு பக்கமும் தங்க மீன், நடுவே 'இவர் என்னிடம் பதினாறு ஆண்டுகள் மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று இருந்தது. விண்ணப்பதாரர் பல் செய்பவரா, மீன் வளர்ப்பவரா, தெளிவுபடுத்தவும் என்று விசா அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. மறுபடி வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினோம். கீழே முத்திரை குத்தினார், அதிலும் மீன். இதற்கு மூன்று மாதம் போயிற்று. நோட்டில் 'காரணம்: மீன்' என்று எழுதியபோது என் கை கொஞ்சம் தயங்கியது. மாப்பிள்ளைக்கோ அவர்மேல் கோபமே இல்லை, போன இடத்தில் பேத்திக்கு இரண்டு மீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது தாமதம்தான் பெரியது. விரல் ரேகை பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். குளிர்சாதன அறை, வரிசையாக நாற்காலி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். மாப்பிள்ளை விரலை மெஷினில் வைத்தார், அது சிவப்பு விளக்குக் காட்டியது.

'துடைச்சிட்டு வைங்க சார்' என்றாள் அந்தப் பெண். துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்புதான்.

'கொஞ்சம் அழுத்தி வைங்க.'

அழுத்தி வைத்தார். அவள் எழுந்து வந்து அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'சார், உங்களுக்கு ரேகையே இல்லையே. எங்க போச்சு?'

'வேலையில போயிடுச்சும்மா' என்றார் மாப்பிள்ளை, ஏதோ பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

பல் செட்டுக்கு மெருகு போடும்போது, சுற்றுகிற மோட்டாரில் ஈரப் பொடியைத் தடவி, விரலால் பிடித்துத்தான் தேய்க்க வேண்டுமாம். இருபது வருஷம் தேய்த்ததில் பல்லோடு விரலும் தேய்ந்துவிட்டது. மெஷினில்தான் கோளாறோ என்று நான் சும்மா என் விரலை வைத்துப் பார்த்தேன். பத்து விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண்கூட, 'உங்களுக்கு அருமையா இருக்கு சார்' என்றாள். சம்பந்தி, பாராட்டுத்தான், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருஷ வேலையில் என் ஒரு ரேகைகூடத் தேயவில்லை.

விரலுக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை மறுபடி வளரும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அன்றைக்கே அந்த விரல்களின் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பின்பக்கம் அவர் வைத்திருக்கும் மோட்டாரின் வயரைக் கழற்றி என் தலையணைக்கு அடியில் வைத்தேன். காலையும் மாலையும் எண்ணெய் தடவல், கையுறை, பாத்திரம் கழுவக் கூடாது, தீப்பெட்டி உரசக் கூடாது, பேத்திக்குப் பென்சில்கூடச் சீவித் தரக் கூடாது. காலை ஏழு மணிக்குப் பூதக்கண்ணாடியோடு பரிசோதனை. மாப்பிள்ளை பத்து விரலையும் நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையனாக உட்கார்ந்திருப்பார். 'வலது சுண்டுவிரல்ல ரெண்டு கோடு தெரியுது' என்று நான் சொன்னால், 'அப்படியா மாமா, நல்லது' என்பார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நானாக இருந்தால் மூன்றாம் நாளே பூதக்கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் லேப் அம்மாளிடமிருந்து தகவல் வந்தது: இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், அதற்குமேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது. வீடே விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. போன வாரம் மறுபடி போனோம். எட்டு விரலுக்குப் பச்சை. நான் எழுந்து நின்றேவிட்டேன். அடுத்து இரண்டு கட்டைவிரல். இரண்டும் சிவப்பு. அதெப்படி கட்டைவிரல் மட்டும் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் கேட்டேன். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு டிப்போ மூளை. மதியம் நான் கண்ணயரும் நேரத்தில் பின்பக்கக் குளியலறையில் குழாய் அரை மணி நேரம் ஓடுவது ஞாபகம் வந்தது. மறுநாள் தூங்குவதுபோல் படுத்திருந்து, குழாய்ச் சத்தம் கேட்டதும் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மோட்டார் இல்லாததால் துணியில் பொடியைத் தொட்டுக் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு விரலில் கையுறை, கட்டைவிரல் இரண்டும் வெளியே. மடியில் ஒரு கீழ்த்தாடைப் பல் செட்.

'யாருக்கு மாப்பிள்ளை இது? ரகசியமா வேலை எடுத்துச் செய்யறீங்களா?' என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்பது இப்போது தெரிகிறது.

'உங்களுக்குத்தான் மாமா' என்றார்.

போன வருஷம் பல்வலிக்குப் போனபோது டாக்டர் என் வாயை அச்செடுத்தார். இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்த அச்சை மாப்பிள்ளை வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். நான் ஒரு வருஷமாக ரொட்டியை டீயில் ஊறவைத்துத் தின்பதையும், ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவிக்கொள்வதையும், ஒரு பக்கமாகவே மெல்லுவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெற்ற மகள் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை.

'போறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு பார்த்தேன் மாமா. அப்புறம் யாரு செய்வா.'

'அதுக்குக் கட்டைவிரலை ஏன்யா கெடுத்துக்கிட்டீங்க? கையுறைக்குள்ளயே வெச்சுக்க வேண்டியதுதானே?'

'சொரசொரப்பு கட்டைவிரலுக்குத்தான் தெரியும் மாமா. உறை போட்டா தெரியாது. உங்களுக்கு ஈறு மெல்லிசு, குத்திடும்.'

சம்பந்தி, நான் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். என் மனைவி போன பிறகு என் ஈறு மெல்லிசு என்பது உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அன்று நோட்டில் எழுதினேன்: 'வரவேண்டிய நேரம்: நேற்று. வந்த நேரம்: வரவில்லை. காரணம்: மாமனாரின் கீழ்த்தாடை.' முப்பத்து நாலு வருஷத்தில் காரணப் பத்தியில் என்னை நானே எழுதியது இதுதான் முதல் தடவை.

ஆகவே திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை வேண்டாம். இருபத்தாறாம் தேதி மூன்றாவது தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரை கட்டைவிரலுக்கும் உறை மாட்டிவிட்டேன். பாதி மெருகில் நின்ற பல் செட் தண்ணீர் டம்ளரில் கிடக்கிறது, ரேகை பதிவாகும்வரை அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. நீங்களும் அதுவரை போனில் அவசரப்படுத்தாமல் பொறுமையாக இருக்கவேண்டும். பொறுமை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை கோர்ட்டு உறையைப் பிரித்ததால் மூன்று வருஷம் சாட்சி சொல்ல அலைந்தீர்களாம். அதிலிருந்து முத்திரை போட்ட உறை எது வந்தாலும் பிரிக்காமல் பீரோ மேல் போட்டுவிடுகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொல்வார். அந்த நிதானத்தை நான் மெச்சுகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மகளின் வணக்கமும் பேத்தியின் முத்தங்களும். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து எங்களுக்குக் கொடுத்த உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், நோயில்லாத உடம்பும், முக்கியமாக உறுதியான பற்களும் வாய்க்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது லேப் அம்மாள் போன் செய்தார். விசா கிடைத்து ஐந்து வாரம் ஆகிறதாம், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்கிறார். முதல் தடவை ரேகை விழவில்லை என்றதுமே அவர் விசா அலுவலகத்துக்கு எழுதிவிட்டாராம்: மீன் முத்திரையை நம்ப வேண்டாம், இந்த விரலை நம்புங்கள், இருபது வருஷம் இந்த வேலை பார்க்காதவன் விரல் இப்படித் தேயாது என்று. அவர்களும் அதையே அனுபவச் சான்றாக ஏற்று, ரேகையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். விரல் எடுக்கும் கட்டடமும் முடிவெடுக்கும் கட்டடமும் வேறு வேறாம், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதாம். நாங்கள் ஆறு வாரம் ரேகை வளர்த்ததைக் கேட்டு, 'ஐயையோ, என் சாட்சியை அழிச்சிட்டீங்களே' என்று அந்த அம்மாள் சிரித்ததாக மாப்பிள்ளை சொன்னார்.

விசா எங்கே என்கிறீர்களா? நிரந்தர முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது உங்கள் வீடு. மாப்பிள்ளை உடனே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார், 'ஒரு மாசமா பீரோ மேல ஒரு பெரிய உறை கெடக்கு, முத்திரை இருக்கு, நான் தொடல' என்றீர்களாம். மேலே உங்கள் நிதானத்தை மெச்சிய வரியை அடித்துவிட நேரமில்லை, படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

உறையை எடுக்க மாப்பிள்ளை மூன்று மணி பஸ்ஸில் அங்கே வருகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது, அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். மோட்டார் வயரைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போது பின்பக்கம் மோட்டார் ஓடுகிறது, பஸ்ஸுக்குள் என் பல்லை முடித்துவிடுகிறாராம். இப்போதுதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், எல்லாவற்றையும் தேய்த்துவிட வேண்டாம், ஓர் ஓரம் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும் என்று. அதைச் சரிசெய்ய ஒரு தடவையாவது அவர் வரவேண்டியிருக்கும்.