ரெண்டு பேரும் உள்ளே வருகிற கேமரா

கையில் பணம் குறைவாக இருக்கும்போதுதான் மனிதனுக்குப் பெரிய லென்ஸ் மேல் ஆசை வருகிறது. எனக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பேர் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். (அதுவரை நான் உருப்படியாக எடுத்த ஒரே படம் நண்பனின் பைக். அதிலும் முன்சக்கரம் விழவில்லை.)

காந்திபுரத்தில் பழைய கேமரா விற்கும் கடைக்கு மனைவி சாந்தாமணியோடு போனேன். கண்ணாடி அலமாரியில் ஒரு சாண் நீளத்துக்கு லென்ஸ் ஒன்று படுத்திருந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்து வரும் இருநூறு எம்.எம். லென்ஸ். அதை மாட்டிய செகண்ட் ஹேண்ட் கேமரா என் பட்ஜெட்டுக்குள் வந்தது. பக்கத்தில் இருப்பதை எடுக்கும் சாதாரண லென்ஸையும் சேர்த்து வாங்க வழியில்லை.

“தொண்டாமுத்தூர்ல யானை வந்துதுன்னா, நீங்க மருதமலையில நின்னே எடுத்துப்போடலாமுங்க” என்றார் கடைக்கார பாய். அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்துவிட்டேன்.

சாந்தாமணி மட்டும் கேட்டாள். “ஏனுங்க, இதுல பக்கத்துல நிக்கறவங்கள எடுக்க முடியுங்களா?”

“பக்கத்துல நிக்கறவங்களத்தான் கண்ணாலயே பாத்துக்கலாமே!” என்றேன். இந்தப் பதிலுக்காக என்னை நானே மெச்சிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

அவள் தன் சேமிப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கேமராவை எடுத்தாள். அதில் திருப்பவோ திருகவோ ஒன்றுமில்லை. பார்த்து அமுக்கினால் போதும். அதைக் கண்ணில் வைத்து, என்னையும் பாயையும் ஒட்டி நிற்கச் சொன்னாள். “ரெண்டு பேரும் உள்ள வந்துட்டீங்க. இது போதுமுங்க.” பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி செல்லே இதற்குப் போதுமா என்று கேட்டு, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பாமர மக்களின் ரசனையை நினைத்து நான் பெருமூச்சு விட்டேன்.

அவள் மனதில் இருந்த ரெண்டு பேர் வேறு. ஒருவர் என் மாமனார். இன்னொருவர் அவருடைய அண்ணன். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிற முறையில் தகராறு வந்து, பல வருடங்களாகப் பேச்சு இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் எங்கே தேடினாலும் இருவரும் ஒரே படத்தில் இல்லை. ஒருவர் மேடை ஏறியதும் மற்றவர் பந்திக்குப் போய்விட்டார். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றை வீட்டில் மாட்ட வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய ஏக்கம். அதற்காகவே கொடுமுடியில் ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சொல்லி, இருவரையும் ஒரே வேனில் ஏற்றிவிட்டாள். ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் கடைசி சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள்.

“படத்த நான் எடுக்கறேன். நீ கவலைய உடு அம்மணி” என்றேன்.

சாமி கும்பிட்டு முடித்ததும் காவிரிக் கரையில் இருவரையும் நிறுத்தினாள். நடுவே இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். நான் லென்ஸைத் தூக்கினேன். மாமனாரின் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் போனேன். சட்டைப் பை வந்தது. இன்னும் போனேன். பெரியவரின் பாதி வந்தது. கோபுரமும் விழுந்தால் பத்திரிகைக்கு ஆகுமே என்று மேலும் போனேன்.

அதற்குள் நான் கத்துவது அந்த வயதான காதுகளுக்குக் கேட்காத தூரம் வந்துவிட்டது. அவர்களுக்கு நாலடி முன்னால் நின்ற சாந்தாமணி, என் பக்கம் திரும்பிக் கேட்டு அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். “கிட்ட வரச் சொல்றாருங்க!” “சிரிக்கச் சொல்றாருங்க!” உத்தரவு போய்ச் சேருவதற்குள் சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று குறுக்கே போகும். மறுபடியும் முதலிலிருந்து. வெயில் ஏறியது.

கடைசியில் பொறுமை இழந்த மாமனார், பக்கத்தில் நிற்பது யார் என்பதையே மறந்து கேட்டாராம். “ஏனுங்ணா, மாப்ள எங்கீங்க போறாரு?”

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “போற போக்கப் பாத்தா அக்கரைக்கே போயிருவாராட்ட இருக்குது.”

அந்த நேரம் பார்த்து என் பின்னங்கால் வழுக்கியது. கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி காவிரிக்குள் உட்கார்ந்தேன்.

கரையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கட்டிய மனைவியைத் தவிர. தண்ணீரிலிருந்து எனக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான். சோப்பு டப்பா அவள் கண்ணில் இருந்தது.

ரோல்களைக் கழுவிப் பார்த்தோம். என்னுடையதில் முன்பின் தெரியாத மொட்டைத் தலைகள் மங்கலாக விழுந்திருந்தன. அவளுடையதில் தம்பி அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தபடி சிரிக்கிறார். இன்றுவரை அதைவிட நல்ல படத்தை நான் பார்த்ததில்லை.

“நா விழுந்தத நீ திரும்பிக்கூடப் பாக்கலியே?” என்று கேட்டேன்.

“இடுப்பளவு தண்ணிதானுங்க. உங்களைய அப்பறங்கூடத் தூக்கிக்கலாம். அந்தச் சிரிப்பு அப்பறம் வருமுங்களா?”

பிறகு நானும் என்னென்னவோ லென்ஸ்கள் வாங்கினேன், ஊர்கள் சுற்றினேன். எல்லாரும் ஒரு பக்கம் பார்க்கும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற அவளுடைய சூட்சுமம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அவளை நினைத்தால் இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அந்தப் படம் இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், “மாப்ள போட்டோ புடிச்சாருங்க” என்பார் பெரியவர். விசேஷங்களில் நான் செல்போனைத் தூக்கினால் போதும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில், “மாப்ள, இன்னுங் கொஞ்சம் பொறகால போங்க!” என்பார்கள்.

நானும் போவேன், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.