எதைத் தொட்டாலும் 'சொல்லுங்க'

மூன்று வயதுக் குழந்தை ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை "அம்மா" என்றால், நாற்பது முறையும் "என்ன கண்ணு" என்று கேட்க வேண்டுமா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். காரணம், 'சொல்லுங்க' அண்ணன்.

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர். டீக்கடையில் யாரோ யாரையோ "அண்ணா" என்றால் இவர் எழுந்துபோய் "சொல்லுங்க" என்பார்.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனித்தேன். அவர் எங்கள் இணையப் பக்கத்தை எழுதினார். பக்கத்திலுள்ள பட்டன் வெறும் படம்தான். அழுத்தியது அதற்குக் கேட்க, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் 'லிசனர்' என்று ஒரு காதை மாட்ட வேண்டும். மற்றவர்கள் பட்டனுக்கு மட்டும் மாட்டுவார்கள். அண்ணன் தலைப்புக்கு, பனியன் படத்துக்கு, வெற்றிடத்துக்குக்கூட மாட்டினார். எதைத் தொட்டாலும் ஆங்கில எழுத்தில் 'சொல்லுங்க' என்று திரையில் குதிக்கும்.

"வெறும் எடத்துக்கு எதுக்குங்கண்ணா?" என்றேன்.

"தெரியாமத் தொட்டவங்களும் நம்ம ஊட்டுக்கு வந்தவங்கதானுங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

வினை அங்கேதான் வந்தது. பட்டனை அழுத்தினால் அந்த அழுத்தம் பட்டனோடு நிற்காது; அதைச் சுற்றியுள்ள பெட்டி, அதற்கு வெளியே உள்ள பெட்டி என்று ஏறிக்கொண்டே போகும். வாசலில் ஒருவர் குரல் கொடுத்தால் வீடே எழுந்து வருமே, அப்படி. வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்கும் அம்மையார் 'சம்மதம்' பட்டனை அழுத்தியதும் வரிசையாகப் பதினொரு 'சொல்லுங்க'. பயந்துபோய், சம்மதம் பதிவாகும் முன்பே பக்கத்தை மூடிவிட்டு மெயில் போட்டார்: யார் இந்தச் சொல்லுங்க? அவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

மாலைக்குள் சம்மதம் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த எனக்கு அதுதான் முதல் ஆர்டர். கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்ததும் வீண், வேலையும் போச்சு. காதுகளை எல்லாம் கழற்றிவிடும்படி கெஞ்சினேன். அண்ணன் முகம் வாடிவிட்டது.

"கூப்ட்டா வாயத் தொறக்காத பக்கத்த எப்படீங்க எழுதறது?"

"எல்லாரும் பேச வேண்டாமுங்கண்ணா. மொதல்ல கேட்டவரு பேசுனாப் போதுமுங்க."

யோசித்தார். அழுத்தம் மேலே ஏறாமல் பட்டனிலேயே நிற்க ஒரு வரி சேர்த்தார். பிறகு திரையைப் பார்த்து மற்ற பத்துப் பெட்டிகளிடமும் "கோச்சுக்காதீங்க" என்றார். மறுபடி அழுத்தச் சொல்லி அம்மையாருக்கு மெயில் போட்டேன்; அரை மணியில் சம்மதம் வந்தது.

வெற்றிடத்தின் காதை மட்டும் அவர் கழற்றவே இல்லை. அண்ணன் வேலை மாறிப் போய்விட்டார். பிள்ளையைச் சரியாகத்தான் வளர்க்கிறேனா என்று குழம்பும் நாட்களில், அந்தப் பக்கத்தைத் திறந்து வெற்றிடத்தைத் தொடுவேன். 'சொல்லுங்க' என்று வரும். கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

நாற்பது முறையும் பதில் சொன்னால் குழந்தை கெட்டுவிடும் என்கிறார் மாமியார். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்க.