மூக்கனின் வாரிசுகள்

மூக்கும் முழியுமாக நலமாயிருக்கும் மாமா அவர்களுக்கு, அந்த மூக்கின் பரம ரசிகனான மருமகன் பணிவோடு எழுதிக்கொண்டது.

இதனால் உங்களுக்கும், பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்டால் அத்தைக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை எங்கள் மொட்டைமாடியில் இலைகள் பிறந்துள்ளன. கன்றுகள் நலம். பிரசவம் பார்த்த டாக்டர் நான்தான்.

உள்ளூர்ப் பழமரக் கணக்கெடுப்புக்கு வந்தபோது எங்கள் கொல்லை மாம்பழத்தைக் கடித்துவிட்டு, "இப்படி மூக்கு நீண்டு, இஞ்சி மணக்கிற பழத்தை வேற எங்கயும் பார்க்கலைடா" என்றீர்களே (கண்ணாடி பார்ப்பதில்லையா மாமா?), அந்த மூக்கன் மரத்தை வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்ட ஆள் கூட்டிவந்தார். நான் குறுக்கே படுத்தேன். "தம்பி, எறும்புப் புத்து மேல படுத்திருக்க" என்றார். எழுந்துவிட்டேன், கொள்கை வேறு, எறும்பு வேறு. மரம் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் குச்சிகளை நறுக்கி, நீங்கள் ஒட்டுக்கட்ட விட்டுப்போன நாட்டு மாங்கன்றுகளின் தலையைச் சீவி, பிளந்து, செருகி, நாடா சுற்றிவிட்டேனே! இனி மூக்கன் இனம் உலகத்தில் இருந்தால் இந்த மாடியில்தான். தங்கச்சியும் ஒன்று ஒட்டினாள், பொம்மைக்குக் கட்டுப்போட்ட மாதிரி கோணலாக. "இது ஆபரேஷனா, ஆக்சிடெண்டா?" என்றேன். "போடா, உன்னுதைப் பாரு" என்றாள். பொறாமை! என் கன்றுகள் எல்லாம் செப்பு நிறத்தில் துளிர்த்துவிட்டன, அவளுடையது வெறும் குச்சி. அம்மாவே, "படிப்பு ஏறலைன்னாலும் பச்சையாவது ஏறுதே" என்று பாராட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அழியும் மர இனங்களைக் காக்கும் உங்கள் தோட்டத்துக்குக் கன்று எடுக்க வரும்போது, பலகையில் என் பெயரைப் பெரிதாக எழுதிக் கொண்டுவரவும். மாலை வேண்டாம், வற்புறுத்தினால் மறுக்கமாட்டேன்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் மூக்குக்கு நீண்ட ஆயுள், நீளம் போதும்.

இப்படிக்கு,
மரங்களின் மருத்துவன்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது தங்கச்சி என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். "எங்கடா துளிர்த்திருக்கு? நாடாவுக்கு மேலயா, கீழயா?" கீழே. அத்தனையும் கீழே. துளிர்த்தது உங்கள் நாட்டுக் கன்றுதான். மேலே நான் செருகிய மூக்கன் குச்சிகள் கறுத்துக் காய்ந்துவிட்டன. யார் பிள்ளைக்கோ பேர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுடைய கோணலில் மட்டும் நாடாவுக்கு மேலே, குச்சி நுனியில், ஒரு மொட்டு உப்பியிருக்கிறது. "தொடாதடா" என்றாள். தொடவில்லை. கட்டாயம் வாங்க மாமா. பலகையில் அவள் பெயர். அடியில் பொடி எழுத்தில் 'தண்ணீர் ஊற்றியவன்' என்று என்னைப் போடலாமா? ஊற்றியதும் அவள்தான். வாளி என்னுடையது.